தண்ணீரைக் காட்டி விற்கும் சோறு

கண்டியில் கடல் இல்லை. கொழும்பிலிருந்து வீதி வழியாக ஏறத்தாழ 115 கிலோமீற்றர் உள்ளே, கடல்மட்டத்துக்கு 500 மீற்றர் அளவு மேலே இருக்கிற ஊர் இது. இருந்தும் வாவியைப் பார்த்தபடி மேசை போட்ட உணவகங்களில் மெனு அட்டையை விரித்தால் சிங்க இறால், வாட்டிய கணவாய், பூண்டும் பட்டரும் போட்ட இறால், நாலு பேர் சேர்ந்து தின்னக்கூடிய கடலுணவுத் தட்டு என்று ஒரு கரையோர ஊரே அதற்குள் இருக்கிறது. தண்ணீரைக் கண்டால் வெளிநாட்டுக்காரர் மீன் கேட்பார் என்பது கடைக்காரரின் கணக்கு. நாமும் சளைத்தவர்கள் இல்லை. லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ மச்சான் குடும்பம் வந்து இறங்கினால் அந்த மேசைகளுக்குத்தான் கூட்டிப்போகிறோம். நடு ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் உட்கார வைத்தால் மரியாதை போய்விடும் என்று ஒரு பயம்.

இந்தப் பழக்கத்தில் நியாயம் இருக்கிறதா? பார்ப்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். நட்சத்திர ஹோட்டல்களை அளவுகோலாக வைப்பது அநியாயம். அவற்றின் பணமும் ஆள்பலமும் வேறு. நான் எடுத்துக்கொள்வது பிரான்சின் கரையோரத்தில் இருக்கிற சாதாரண உணவகத்தை. செருப்போடும் மணலோடும் போய் உட்காரக்கூடிய, பிள்ளைகள் சத்தம் போட்டால் யாரும் முறைக்காத இடம். அதை எடுப்பதற்குப் பிரெஞ்சுக்காரர் மீதான பக்தி காரணமில்லை. தண்ணீர்க்கரைச் சாப்பாட்டில் எங்கே ஏமாற்று நுழைகிறது என்பதை அவர்கள் பட்டு அறிந்து, ஒவ்வோர் ஓட்டையையும் ஒரு சட்டத்தாலோ ஒப்பந்தத்தாலோ அடைக்கப் பார்த்திருக்கிறார்கள். அந்த முயற்சிகளே நமக்கு அளவுகோலாக உதவும்.

பிரான்சின் பிரித்தானிக் கரையில் கன்கால் என்று ஒரு சிற்றூர். சிப்பி வளர்ப்புக்குப் பேர்போனது. துறைமுக ஓரத்தில் வரிசையாக நிற்கும் சின்னக் கடைகளில் ஒரு டசின் சிப்பி வாங்கினால் அங்கேயே பிளந்து எலுமிச்சைத் துண்டோடு தருவார்கள். கடலைப் பார்த்து உட்கார்ந்து உறிஞ்சிவிட்டு ஓட்டைக் கீழே கரையில் எறிந்துவிட்டுப் போகலாம். மேசைவிரிப்பு இல்லை, பரிசாரகர் இல்லை. நீர் வற்றும் நேரத்தில் சிப்பி விளையும் பாத்திகள் கண்ணெதிரே தெரியும். பார்க்கிற தண்ணீரும் தின்கிற பண்டமும் ஒன்றுக்கொன்று உறவாக இருப்பதுதான் அந்த இடத்தின் முழுப் பெறுமதியும்.

அந்த உறவு அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு மார்செய் நகரம் சாட்சி. பூயபேஸ் என்பது விலைபோகாத பாறைமீன்களைப் போட்டு மீனவர் வீட்டில் காய்ச்சிய குழம்பு. பயணிகள் குவிந்ததும் அந்தப் பெயரில் எதையெதையோ கிண்ணத்தில் ஊற்றி விற்கத் தொடங்கினார்கள். 1980இல் அந்த நகரத்து உணவகக்காரர்கள் சிலரே கூடி ஒரு சாசனம் எழுதினார்கள்: குறித்த பட்டியலிலிருந்து குறைந்தது நாலு வகை மீனாவது இருக்க வேண்டும், சாறும் மீனும் தனித்தனியாக வர வேண்டும், மீனைச் சாப்பிடுகிறவர் முன்னிலையில் துண்டாக்க வேண்டும். அரசு கேட்டு எழுதியதல்ல. தங்கள் தொழிலின் மானத்தைக் காக்கத் தாங்களே எழுதியது.

அரசு செய்தவையும் உண்டு. 1986இன் கரையோரச் சட்டம் கடற்கரை பொதுமக்களுக்கு உரியது என்பதை உறுதிசெய்தது. 2006இல் வந்த ஆணை, இயற்கையான கடற்கரையில் நீளத்திலும் பரப்பிலும் 80 வீதத்தை எந்தக் கட்டுமானமும் இல்லாமல் விட வேண்டும் என்றது. கடை போட்டவர் பருவம் முடிந்ததும் கழற்றிக்கொண்டு போக வேண்டும். 1987இலிருந்து உணவகங்கள் வாசலில் விலைப்பட்டியலைத் தொங்கவிட வேண்டும். அந்த விலைக்குள் வரியும் சேவைக் கட்டணமும் அடக்கம். 2014இல் ‘வீட்டுச் சமையல்’ என்று ஒரு முத்திரையைக் கொண்டுவந்தார்கள். உறையவைத்த காய்கறியையும் மீனையும் அதில் அனுமதித்துவிட்டதால் சமையற்காரர்களே அதைக் கேலி செய்தார்கள். ஆகவே எல்லாம் அங்கே பொன் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நான்கு கேள்விகள் கிடைத்துவிட்டன. பண்டம் அந்த இடத்துக்குச் சொந்தமா? பெயருக்கேற்ற பண்டம் தட்டில் வருகிறதா? கரை யாருடையது? எழுதிய விலையும் கொடுக்கும் விலையும் ஒன்றா?

கரையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் கண்டி அதில் பிரான்சையே வென்றுவிடுகிறது.

இந்த வாவியை வெட்டுவித்தவர் கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், 1807இல். தென்னிந்திய நாயக்கர் வழியில் வந்த கண்ணுசாமி. சிங்களத்தில் கிரி முகுத, அதாவது பாற்கடல் என்று அதற்குப் பேர் வைத்தார். முன்பு அங்கே இருந்தது வயல். நெல் விளைந்த நிலத்தைத் தண்ணீரில் தாழ்த்தி அரண்மனைக்கு முன்னே ஓர் அழகை உண்டாக்கினார். கட்டாய ஊழியத்தில் சனங்கள் வெறுத்துப்போனார்கள், பிரதானிகளும் முகம் திருப்பினார்கள். 1815இல் ஆங்கிலேயரிடம் முடியை இழந்து, வேலூரில் சிறையிருந்து, 1832இல் அங்கேயே இறந்தார். வேலூரில் அவர் சமாதி இருக்கிறது. பாற்கடலை மட்டும் நமக்கு விட்டுப்போனார்.

ஆக, இந்த வாவி பிறவியிலேயே பார்ப்பதற்கானது. இதில் மீன் பிடிக்கத் தடை. கொழுத்த மீன்கள் படியோரம் வரை வந்து வாய் திறந்து நிற்கும், புத்தரின் தந்ததாது இருக்கிற தலதா மாளிகைக்கு வந்தவர்கள் தீனி போடுவார்கள், அவ்வளவுதான். நீர்விளிம்பை ஒட்டி அலைவடிவக் கைப்பிடிச் சுவர், அதற்கு வெளியே நடைபாதை, மர நிழல், பிறகு வீதி. வீதிக்கு அந்தப் பக்கம்தான் ஹோட்டல்கள். மூன்று கிலோமீற்றருக்கு மேற்பட்ட சுற்றளவில் பெரும்பகுதியை ஒரு சதம் செலவழிக்காமல் நடந்து சுற்றிவிடலாம். உலகத்தில் எத்தனையோ சுற்றுலா நகரங்களில் தண்ணீருக்குப் போகும் வழியைக் கடைகள் மறித்து நிற்கின்றன. இங்கே அது நடக்கவில்லை. காரணம் அழகுணர்ச்சி என்பதைவிட மாளிகையின் புனிதம் என்பதே உண்மை. 1988இலிருந்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலும் அதற்குத் துணை. காரணம் எதுவானாலும் பலன் நல்லது.

பலன் உணவகங்களுக்கு அவ்வளவு நல்லதில்லை. அவர்கள் விற்கும் காட்சிக்கும் மேசைக்கும் நடுவே ஒரு நெடுஞ்சாலை ஓடுகிறது. 1998 ஜனவரி 25ஆம் திகதி மாளிகை வாசலில் வெடிகுண்டு வெடித்த பிறகு மாளிகைக்கு முன்னால் ஓடிய வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. அந்தப் போக்குவரத்து முழுவதும் வாவியைச் சுற்றிப்போகிறது. போர் முடிந்து இத்தனை வருடமாகியும் மேல்மாடியில் உட்கார்ந்து சூப் குடிப்பவரின் காதில் பஸ் ஹோர்ன் விழுவதற்கு அதுதான் காரணம். நாலு பக்கமும் மலை சூழ்ந்த கிண்ணம் போன்ற ஊர் என்பதால் புகை லேசில் கலையாது. மாலையில் நீர்க்காகங்கள் மரங்களில் வந்து அடையும். அடைந்தபின் கீழே நடப்பவர் தலையைக் காத்துக்கொள்ள வேண்டும். இவை யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் அந்தக் காட்சிக்காக விலை கேட்கும்போது, காட்சியோடு சேர்ந்து வருவதையும் கணக்கில் வைக்கத்தான் வேண்டும்.

அடுத்தது தட்டு. வாவியோர மேசைகளில் பல காலமாகச் சாப்பிட்டதில் எனக்குக் கிடைத்த அனுபவத்தை எந்தக் கடையின் தலையிலும் கட்டாமல் சொல்கிறேன். மெனு அட்டை புத்தகம்போல் இருக்கும். சீனம், இத்தாலி, இந்தியா, தாய்லாந்து எல்லாம் அதற்குள் அடக்கம். அத்தனை உணவையும் புதிதாகச் சமைக்க எந்த அடுப்படியாலும் முடியாது. எனவே பாதி உறைபெட்டியிலிருந்து வரும், பாதி ‘இன்றைக்கு இல்லை’ என்று வரும். கணவாய் இறப்பராக இருக்கும். இறால் சோஸில் மிதக்கும். சோஸை எடுத்துவிட்டால் அதற்குச் சுவை என்று ஒன்று இருக்காது. நீர்கொழும்பிலோ திருகோணமலையிலோ காலையில் இறங்கிய மீன் பெரும்பாலும் பேலியகொடை மொத்தச் சந்தை போய், அங்கிருந்து கடுகண்ணாவை ஏறி, ஐஸில் படுத்து வருகிறது. அப்படி வந்த அறக்குளாவை மிளகாயும் புளியும் போட்டுக் குழம்பு வைத்தால் குறை தெரியாது. வெறும் உப்பும் எலுமிச்சையும் போட்டு வாட்டிவைத்தால் அதன் முழுப் பயணமும் நாக்கில் தெரிந்துவிடும். கரையில் செய்ய வேண்டிய சமையலை மலையில் செய்வதுதான் கோளாறு.

மலைநாட்டுச் சமையல் இந்தச் சிக்கலைப் பல நூறு வருடங்களுக்கு முன்பே தீர்த்துவைத்திருக்கிறது. கடல் தூரமென்றால் கடலைக் காயவைத்துக் கொண்டுவா என்பது அதன் வழி. மாசிக்கருவாடு இல்லாமல் இங்கே சம்பல் இல்லை, பருப்பு இல்லை, சுண்டல் இல்லை. கல்பிட்டியிலும் மன்னாரிலும் காய்ந்த கருவாடு மலையேறி வந்து வெங்காயத்தோடும் செத்தல் மிளகாயோடும் பொரிபடுகிறது. கொறுக்காப்புளியும் மிளகும் பூசி மண்சட்டியில் நீர் வற்றச் சுண்டவைத்த அம்புல் தியல் நாட்கணக்கில் கெடாமல் நிற்கும். அது தென்கரையின் கைவண்ணம், ஆனாலும் உள்நாட்டுக்கென்றே செய்தது போலிருக்கிறது. தண்ணீரில் இருந்து உடனே பிடித்த மீன்தான் வேண்டுமென்றால் மகாவலியை மறித்த நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. 1980களில் விக்டோரியா அணை எழும்பியபோது பழைய தெல்தெனிய ஊர் நீருக்குள் போனது. இன்று அந்த நீரில் பிடிபடுவது திலாப்பியா. ஆபிரிக்காவிலிருந்து வந்து குடியேறிய மீன்தான், மறுக்கவில்லை. ஆனால் கண்டியில் பிடித்து அன்றைக்கே சட்டிக்குப் போகக்கூடிய மீன் பெரும்பாலும் அதுதான். வாவியைப் பார்க்கிற எந்த மேசையிலும் அதை எனக்கு யாரும் பெருமையோடு கொண்டுவந்து வைத்ததில்லை. ஏழைகளின் மீன் என்று அதற்கு ஒரு பேர் விழுந்துவிட்டது. பூயபேஸும் அப்படித்தான் தொடங்கியது.

பொலோஸ் இன்னும் வருத்தமான கதை. பிஞ்சுப் பலாக்காயைப் பெரிய துண்டுகளாக வெட்டி, கொறுக்காப்புளியும் வறுத்த தூளும் கறுவாவும் சேர்த்து, தேங்காய்ப்பாலில் மெல்லிய நெருப்பில் பல மணி நேரம் வேகவைத்தால் இறைச்சியை மறக்கடிக்கிற ஒரு கறுத்த கறி கிடைக்கும். கண்டியைச் சுற்றி வளவுக்கு வளவு பலாமரம் நிற்கிறது. பஞ்சம் வந்தால் காப்பாற்றும் என்று இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் நாடெங்கும் பலாக்கன்று நடவைத்த ஆதர் வி. டயஸை ‘கொஸ் மாமா’, அதாவது பலா மாமா என்று சனங்கள் அழைத்தார்கள். 2022இல் எரிவாயுவும் டொலரும் இல்லாமல் நாடு தடுமாறியபோது அந்த மாமாவின் அருமை பலருக்கு மறுபடி தெரிந்தது. ஆனால் வாவியோர மெனு அட்டையில் பொலோஸ் இருந்தால் அது ‘சோறும் கறியும்’ என்ற ஒரே வரிக்குள் பெயரில்லாமல் ஒளிந்திருக்கும். கணவாய்க்கு மட்டும் ஆறு வரி.

விலைக்கு வருவோம். அட்டையில் 1000 ரூபா என்று இருக்கும். அதன்மேல் 10 வீதம் சேவைக் கட்டணம். வற் பதிவுள்ள இடமென்றால் 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம் பெறுமதி சேர் வரி. இரண்டும் ஏறினால் கையிலிருந்து போவது 1300ஐ நெருங்கும். சட்டவிரோதம் எதுவுமில்லை; அட்டையின் அடியில் பொடியெழுத்தில் போட்டும் இருக்கும். ஆனால் பசியோடு அட்டையைப் பார்த்து ஒருவர் மனதில் போடுகிற கணக்கும் பற்றுச்சீட்டும் கடைசிவரை சந்திப்பதில்லை. போத்தல் தண்ணீருக்கும் தனிக் காசு. பக்கத்துத் தெருச் சாப்பாட்டுக் கடையில் ஒரு ஜக் தண்ணீரைக் கேட்காமலே கொண்டுவந்து வைக்கிறார்கள்.

இந்த இடத்தில் வாவியோரக் கடைக்காரரின் பக்கத்தையும் கேட்டாக வேண்டும். 2019 ஈஸ்டர் குண்டுகள், பிறகு கொரோனா, பிறகு 2022இன் வரிசைகள் என்று தொடர்ந்து வந்த அடிகளில் சுற்றுலாவை நம்பிய அடுப்புகள் பல அணைந்தன. சேவைக் கட்டணம்தான் பல பரிசாரகர்களின் சம்பளத்தை மாதக் கடைசிவரை இழுத்துப்போகிறது. வந்த பயணி பீட்சா கேட்டால் பீட்சா போடத்தான் வேண்டியிருக்கிறது. காட்சியும் பொய்யில்லை: மழை விட்ட மாலையில் மலைவரிசை நீரில் விழுந்து கிடக்க, மாளிகைப் பக்கத்திலிருந்து தவில்போல் ஒரு முழக்கம் வர, உடவத்த காட்டின் பச்சை கறுக்கத் தொடங்கும் அந்த அரைமணி நேரத்துக்கு நான் காசு கொடுக்கத் தயார். என் ஆட்சேபம் அந்த அரைமணி நேரத்தை ஒரு இறப்பர் கணவாயின் குறையை மூடப் பயன்படுத்துவதில்தான். கடைக்காரர் நட்டப்பட்டார் என்பது மெனுவைச் சுருக்குவதற்கான காரணமே தவிர நீட்டுவதற்கானது இல்லை. பத்து உணவு மட்டும் சமைக்கிற அடுப்படிக்கு விரயமும் குறைவு, எரிவாயுவும் குறைவு.

தேத்தண்ணியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஓர் உணவகத்தின் யோக்கியத்தை நான் அதில்தான் முதலில் பார்ப்பேன். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துர தோட்டம் இதே கண்டி மாவட்டத்தில், ஹேவாஹெட்டைப் பக்கம் இருக்கிறது. அங்கிருந்து தொடங்கி ஐந்தாறு தலைமுறையாக எங்கள் சனம் கொழுந்து கிள்ளிக் கிள்ளி இந்த மலையையே பச்சையாக்கியிருக்கிறது. அந்த மாவட்டத்தின் தலைநகரில், வாவியைப் பார்த்த மேசையில், ஆறிய சுடுநீரும் நூல் கட்டிய பையும் தனித்தனியாக வருகின்றன. நாமே நனைத்துக்கொள்ள வேண்டும். அதற்கான விலையில் நகரத்துக்குள் ஒரு குடும்பமே பிளேன்ரீ குடித்துவிடும். தோட்டத்து ரொட்டியும் இடித்த சம்பலும் எந்த மெனுவிலும் இல்லை என்பதை இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மலையகத் தமிழர் சமைக்கும் சாப்பாடு என்று ஒன்று இருப்பதே கண்டியின் உணவகங்களுக்குத் தெரியாது. எங்கள் ஆட்கள் அந்த அடுப்படிகளில் பாத்திரம் தேய்க்கிறார்கள், வெங்காயம் உரிக்கிறார்கள்.

வாவிக்கு முதுகைக் காட்டித் தலதா வீதியில் நடந்தால் மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம் முஸ்லிம் ஹோட்டல் வருகிறது. பார்க்க ஒன்றுமில்லை. சத்தம், வெளிச்சம், ஆட்கள். தகட்டில் கொத்து விழும் தாளம் வீதிவரை கேட்கும். மேசையில் ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், பற்றிஸ், கட்லட் எல்லாம் வந்து உட்காரும். வேண்டியதைத் தின்றுவிட்டு மிச்சத்தை விட்டால், தின்றதற்கு மட்டும் கணக்கு. இலங்கைக் கடைகளில் ஊறிப்போன இந்த வழக்கத்தை நாம் கவனிப்பதே இல்லை. தட்டில் எத்தனை இருந்தது, எத்தனை போனது என்று சாப்பிட்டவரும் பரிசாரகரும் ஒரே பார்வையில் ஒத்துக்கொள்கிறார்கள். பிரெஞ்சுச் சட்டம் 1987இல் கேட்ட விலை நேர்மை இங்கே சட்டமில்லாமலே நடக்கிறது.

அந்தக் கடைகளில் உட்கார்வதற்கு இன்னொரு கனமும் உண்டு. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் கடைச் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்திருக்கிறது என்று புரளி கிளப்பி அடித்து நொறுக்கினார்கள். அது வெறும் மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வு பின்னால் சொன்னது. அடுத்த சில நாட்களில், வேறொரு காரணத்தை வைத்து, திகன, தெல்தெனிய, அக்குறணை என்று கண்டி மாவட்டத்திலேயே கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன; மார்ச் 6ஆம் திகதி அவசரகாலச் சட்டம் வந்தது. அடுத்த வருட ஈஸ்டருக்குப் பிறகு முஸ்லிம் கடைகளுக்குப் போகாதே என்ற பிரசாரம். ஒரு தட்டுக் கொத்து ரொட்டிமேல் இவ்வளவு பகையை ஏற்றி வைத்த நாட்டில், பிக்கு ஒருவருக்குப் பார்சல் வாங்க வந்தவரும் பல்கலைக்கழக மாணவரும் தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த கிழவியும் ஒரே மாடியில் உட்கார்ந்து சாப்பிடுவது சின்ன விஷயமில்லை. உணவகத்தை மதிப்பிடும்போது யார் யார் அங்கே உட்கார முடிகிறது என்பதும் சுவையோடு சேர்ந்த கணக்குத்தான். வாவியோர மேசையில் அந்தக் கிழவி உட்காரமாட்டார். உட்காரச் சொன்னாலும் அட்டையைப் பார்த்து எழும்பிவிடுவார்.

ஆனால் கொத்தை அளவுகோலின் முதற்கேள்வியில் வைத்தால் தேறாது. கோதுமை கப்பலில் வருகிறது. எண்ணெய் அதிகம், காய்கறி பெயருக்கு. இந்த மலைக்கும் அந்தத் தட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கிழக்குக் கரையிலும் அதே தாளம், அதே சுவை. இந்த ஊரின் மனிதர்களைச் சேர்த்து வைக்கிறது, ஊரின் மண்ணைக் காட்டுவதில்லை. டி. எஸ். சேனாநாயக்க வீதித் தோசைக் கடைகளுக்கும் ஏறக்குறைய இதே தீர்ப்பு. பாலாஜி தோசையில் மொறுகலாக ஒரு மசாலாத் தோசை தின்றுவிட்டு, கட்டுக்கலைப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுப் போகிற திருப்தி தனி. அது தமிழரின் ஊர்ச்சுவை, கண்டியின் ஊர்ச்சுவை என்று சொல்ல வரமாட்டேன்.

மண்ணைக் காட்டுகிற இடம் நகரத்துக்குள் இல்லை. பேராதனைப் பூங்காவைத் தாண்டி மகாவலியின் மறுகரையில், விவசாயத் திணைக்களம் இருக்கிற கன்னொருவையில் இருக்கிறது: ஹெல போஜுன். சுயதொழில் செய்யும் பெண்களுக்காகத் திணைக்களம் தொடங்கிய உணவுச்சாலை. வரிசையாகச் சிறு தட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெண், அவருக்குச் சொந்தமாக ஓர் அடுப்பு, இரண்டு மூன்று பண்டங்கள். உங்கள் கண்முன்னே ஊற்றுகிறார், சுடுகிறார், பிழிகிறார். விற்ற காசு அவருக்கே. கோதுமை மாவைத் தள்ளிவைத்து அரிசி மாவும் குரக்கன் மாவும். கெந்த இலையில் மடித்து அவித்த ஹெலப்ப, இடியப்பத்துக்குள் தேங்காயும் கருப்பட்டியும் வைத்த லவாரியா, பச்சிலைச் சாறு ஊற்றிய கொல கெந்த கஞ்சி. பக்கத்துத் தட்டியில் தோசையும் உழுந்து வடையும். அரசாங்கத்தின் ‘ஹெல’, அதாவது சிங்கள, உணவில் நம் உழுந்து வடையும் சேர்ந்திருப்பதைப் பார்த்து ஒரு சிரிப்பு வரும். குடிக்க பெலிமல், ரணவரா என்ற மூலிகைப் பானங்கள். கோலா இல்லை.

கன்காலின் சிப்பிக் கடைக்கு இந்தத் தீவில் ஒரு தங்கை உண்டென்றால் அது இதுதான் என்று நினைக்கிறேன். விளைவித்தவரோ அவருக்குப் பக்கத்தில் நிற்பவரோ நேரே விற்கிறார். மெனு ஆளுக்கு மூன்று வரி. செய்கிற கை தெரிகிறது, விலை தெரிகிறது, இடையில் யாருமில்லை. அலங்காரத்துக்கு வேலையே இல்லை, ஏனென்றால் பண்டம் தன் காலில் நிற்கிறது. முதற்கேள்வி, இரண்டாம் கேள்வி, நாலாம் கேள்வி மூன்றிலும் இதுவே முன்னுக்கு நிற்கிறது.

குறைகள் இல்லையா? உண்டு. சாய்ந்து உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கதைக்கிற இடம் அது இல்லை. தின்று எழும்புகிற இடம். இராச்சாப்பாட்டை அங்கே நம்ப முடியாது. நல்ல பண்டங்கள் நேரத்தோடு தீர்ந்துவிடும். ஆறு பக்கத்தில் ஓடுகிறது, மேசையிலிருந்து தெரியாது. சாப்பாட்டின் இன்பத்தில் நேரத்தை வீணாக்கும் சுகத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைப் பிரெஞ்சுக்காரரிடம் கற்றுக்கொள்ளலாம். திணைக்களத்திடம் அதை எதிர்பார்க்க முடியாது. ஆரோக்கியத்தைப் பற்றிச் சுவரில் எழுதிய இடத்தில் சாப்பிடும்போது லேசாகப் பாடசாலை நினைவு வருகிறது. இவ்வளவும் சேர்ந்தும் ஒரு சூடான லவாரியாவின் எடைக்கு வரவில்லை.

ஆகவே என் தீர்ப்பு. கண்டி வாவியைப் பார்த்தபடி கடலுணவு சாப்பிடும் வழக்கத்தைக் கைவிடலாம். பண்டத்திலும் விலையிலும் அது தோற்றுவிட்டது, வெல்வது காட்சியில் மட்டும், அந்தக் காட்சி வீதிக்கு இந்தப் பக்கம் நடைபாதை வாங்கில் இலவசமாகக் கிடைக்கிறது. விருந்தாளியைக் காலையில் கன்னொருவைக்குக் கூட்டிப்போங்கள், அதுவே முதலிடம். இரவில் தலதா வீதிச் சத்தத்துக்குள் உட்கார வையுங்கள். இரண்டாமிடம், சுவைக்கு ஒரு படி குறைத்து, மனிதர்களுக்கு ஒரு படி கூட்டிக் கொடுத்தது. மாலை அரைமணி நேரத்தை வாவிக்குக் கொடுங்கள், நடந்தபடி. கரையில் கடை போட அனுமதி கேட்டு யாராவது மாநகர சபைக்குப் போனால் அந்த விண்ணப்பத்தை நிராகரிக்க வேண்டும், எவ்வளவு அழகான வரைபடத்தோடு வந்தாலும்.

வாவியோர உணவகங்களுக்கு வழி அடைபட்டுவிடவில்லை. வாசலில் ஒரு கரும்பலகை. அதில் பொலோஸ், திலாப்பியாக் குழம்பு, கருவாட்டுப் பொரியல், தோட்டத்து ரொட்டியும் சம்பலும், ஒரு கீரை. வரியும் சேவையும் சேர்ந்த விலை. இதைச் செய்ய மார்செய்க்காரர்களைப் போல் நாலைந்து கடைக்காரர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் போதும், பாராளுமன்றம் தேவையில்லை. அப்படி ஒரு பலகை தொங்கினால் நான் தீர்ப்பைத் திருத்தி எழுதுவேன். அதுவரை அந்த மேசைகளில் நான் கேட்பது ஒரு தேத்தண்ணி மட்டும், அதுவும் பையில் வராது என்று முதலிலேயே உறுதி வாங்கிக்கொண்டு.